பண்பும் ஒரு பொருளே

கணிப்பொறியின் திரையில் நாம் படிக்கும் வலைப்பக்கம் ஒன்று. உலாவி என்னும் மென்பொருள் படிக்கும் பக்கம் வேறொன்று. நம் கண்ணுக்குப் புலப்படுபவை தலைப்பு, பத்தி, படம், இணைப்பு ஆகியவை. உலாவி காண்பதோ இவற்றைச் சூழ்ந்து நிற்கும் கோணக் குறிகளையும், அக்குறிகளுக்குள் எழுதப்பட்ட சிறு சிறு சொற்களையும் ஆகும். பக்கம் எவ்வாறு தோன்ற வேண்டும், எவ்வாறு இயங்க வேண்டும், எந்தக் குரலில் ஒலிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் இச்சிறு சொற்களே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இவற்றைச் சிறுநிரல் மொழியொன்று எவ்வாறு பொருள்களாகக் கொண்டு கையாளுகிறது என்பதையும், தமிழர்களாகிய நமக்கு அதனால் யாது பயன் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

உறுப்பும் பண்பும்

வலைப்பக்கங்கள் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்படுகின்றன. இம்மொழியில் ஒரு பத்தியோ, படமோ, இணைப்போ ஒவ்வொன்றும் ஓர் உறுப்பு எனப்படும். உறுப்பின் தொடக்கக் குறிச்சொல்லுக்குள் அதன் தன்மையைச் சொல்லும் சொற்கள் இடம் பெறும். படம் எந்தக் கோப்பிலிருந்து வர வேண்டும் என்பதை ‘எஸ்ஆர்சி’ என்னும் சொல்லும், படத்தைக் காண இயலாதவர்க்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை ‘ஆல்ட்’ என்னும் சொல்லும் தெரிவிக்கும். பத்தி எந்த மொழியில் உள்ளது என்பதை ‘லாங்’ என்னும் சொல் தெரிவிக்கும். சொல்லை எழுதி, சமக்குறி இட்டு, மேற்கோள் குறிகளுக்குள் அதற்குரிய மதிப்பை எழுதுவது வழக்கம். ‘லாங்’ என்பதற்கு ‘டிஏ’ என்னும் ஈரெழுத்து மதிப்பாக இருந்தால் அப்பகுதி தமிழ். ‘கேஎன்’ என்றிருந்தால் கன்னடம். ‘இஎன்’ என்றிருந்தால் ஆங்கிலம். இவ்வாறு வருவனவற்றை ஆங்கிலத்தில் ‘அட்ரிபியூட்’ என்பர். நாம் பண்பு என்று வழங்குவோம்.

தமிழிலக்கணம் சிறிது கற்றவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. ‘செந்தாமரை’ என்னும் சொல்லில் செம்மை தாமரையோடு ஒட்டி நிற்கிறது. இது பண்புத்தொகை. அந்தப் பண்பைத் தாமரையினின்று பிரித்துச் ‘செம்மை’ என்று தனியே சொன்னால், அதுவே ஒரு பெயராகிவிடுகிறது. பெயர்களைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாக வகுத்த நன்னூலார் குணத்துக்கும் அவற்றுள் ஓரிடம் தந்தார். பெயரான பின் அதைப் பற்றிப் பேசலாம். அதற்கு வேற்றுமை உருபு சேர்க்கலாம். அது யாருடையது என்று வினவலாம். குறிச்சொல்லுக்குள் எழுதப்பட்ட பண்பு பண்புத்தொகையைப் போன்றது. சிறுநிரல் அதைத் தனியே எடுத்துப் பொருளாகக் கொள்ளும்போது அது பண்புப்பெயரைப் போன்றதாகிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

பொருளாக்கிய வரலாறு

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989 ஆம் ஆண்டில் வலையைப் பற்றிய தம் முதல் திட்டத்தை எழுதினார். தொடக்க காலத்து வலைப்பக்கம் அச்சிட்ட தாளைப் போன்றது. வந்ததைப் படிக்கலாம், படித்துக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றுதல் இயலாது. 1995 ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் ஒரு சிறுநிரல் மொழியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். அதுவே பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் பெற்றது. பக்கம் உலாவிக்கு வந்து சேர்ந்த பின்னும் அதன் உறுப்புகளைத் தொட்டு மாற்றும் ஆற்றல் இதனால் உண்டாயிற்று.

ஆயினும் உலாவிக்கு உலாவி முறை வேறுபட்டது. ஒன்றில் இயங்கிய நிரல் மற்றொன்றில் இயங்காது நின்றது. இக்குழப்பத்தைத் தீர்க்க, உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1998 ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று ஒரு பொது நெறியை வெளியிட்டது. ‘ஆவணப் பொருள் மாதிரி’ என்பது அதன் பெயர். சுருக்கமாக ‘டாம்’ என்பர். இந்நெறியின்படி வலைப்பக்கம் முழுவதும் ஒரு மரம். ஒவ்வோர் உறுப்பும் மரத்தின் ஒரு கணு. பண்பும் ஒரு கணுவே. ஆனால் அது உறுப்பின் பிள்ளையன்று. பத்திக்குள் இருக்கும் எழுத்துகள் பத்தியின் பிள்ளைகள். பத்தியின் மொழிப் பண்போ பத்தியோடு ஒட்டியது. ஆதலால் பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் நிரல் பண்புகளைக் காணாது. அவற்றைத் தனியே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

பண்பைக் கேட்கும் மூன்று வழிகள்

முதல் வழி, மதிப்பை மட்டும் கேட்பது. ‘கெட் அட்ரிபியூட்’ என்னும் செயலுக்குப் பண்பின் பெயரைக் கொடுத்தால், அது மதிப்பை எழுத்துச் சரமாகத் திருப்பித் தரும். அப்படியொரு பண்பே இல்லையென்றால் ‘நல்’ என்னும் இன்மைக் குறியைத் தரும். பண்பு இல்லாமையும், பண்பு இருந்து அதன் மதிப்பு வெறுமையாக இருத்தலும் வெவ்வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இரண்டாம் வழி, பண்பையே பொருளாகக் கேட்பது. ‘கெட் அட்ரிபியூட் நோட்’ என்னும் செயல் இதைச் செய்யும். கையில் கிடைக்கும் பொருளிடம் ‘உன் பெயர் என்ன?’, ‘உன் மதிப்பு என்ன?’, ‘நீ எந்த உறுப்பைச் சேர்ந்தவன்?’ என்று மூன்று வினாக்களைத் தொடுக்கலாம். மூன்றாம் வினாவுக்கு விடை தரும் வசதி 2000 ஆம் ஆண்டு நவம்பரில் வந்த இரண்டாம் நிலை நெறியில் சேர்க்கப்பட்டது.

மூன்றாம் வழி, ஓர் உறுப்பின் பண்புகள் அனைத்தையும் பட்டியலாகக் கேட்பது. ‘அட்ரிபியூட்ஸ்’ என்னும் பெயரால் இப்பட்டியல் கிடைக்கும். எத்தனை என்று எண்ணலாம். வரிசை எண்ணாலோ பெயராலோ ஒவ்வொன்றையும் எடுக்கலாம். முன்பின் அறியாத பக்கமொன்றை ஆராயும்போது இதுவே மிகவும் பயன்படும். இன்ன பண்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டுமாயின் அதன் பெயர் நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பட்டியலோ நாம் எதிர்பாராதவற்றையும் காட்டிவிடும்.

இப்பட்டியல் உயிருள்ளது. உறுப்பில் ஒரு பண்பை நீக்கினால் பட்டியலும் அக்கணமே சுருங்கும். நியாயவிலைக் கடை வரிசையில் முன் நிற்பவர் விலகியதும் பின் நிற்பவர் அவ்விடத்துக்கு வருவது போல, இரண்டாம் பண்பு முதலிடத்துக்கு வந்துவிடும். எனவே முதலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போகும் நிரல் ஒன்றுவிட்டு ஒன்றைத் தவற விடும். கடைசியிலிருந்து முன்னோக்கி வந்தால் இத்தொல்லை இல்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. குணமும் குணியும் பிரியுமா என்பது நம் நாட்டுத் தருக்க நூலார் நெடுங்காலம் வாதித்த வினா. குணி என்பது குணத்தை உடையது. ‘டாம்’ நெறியில் குணியில்லாத குணத்தைப் படைக்கலாம். ‘கிரியேட் அட்ரிபியூட்’ என்னும் செயல் எந்த உறுப்பையும் சேராத ஒரு பண்பைத் தரும். பின்னர் அதை ஓர் உறுப்பில் பொருத்தலாம். ஆனால் ஓர் உறுப்பில் பொருந்தியுள்ள அதே பண்பை, அங்கிருந்து கழற்றாமல் மற்றோர் உறுப்பில் பொருத்த முயன்றால் பிழையென்று நிரல் நின்றுவிடும். ஒரே மதிப்புடைய பண்புகள் எத்தனை உறுப்புகளிலும் இருக்கலாம்; ஆனால் ஒரு பண்புப் பொருள் ஒரே நேரத்தில் ஓர் உறுப்புக்கே உரியது.

பண்பும் உடைமையும்

புதிதாகக் கற்பவர் பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. உறுப்பு சிறுநிரலுக்குள் பொருளாக வரும்போது அதற்குச் சில உடைமைகள் அமைகின்றன. இவற்றை ஆங்கிலத்தில் ‘பிராப்பர்ட்டி’ என்பர். பண்பும் உடைமையும் ஒரே பெயர் தாங்கியிருப்பதுண்டு. ஆயினும் இரண்டும் எப்போதும் ஒன்றல்ல.

விடுதி விண்ணப்பப் படிவமொன்றில் ஊர்ப் பெயர் எழுதும் கட்டம் இருக்கிறது என்று கொள்வோம். அதன் ‘வேல்யூ’ என்னும் பண்பில் ‘பெங்களூரு’ என்று முன்பே எழுதப்பட்டுள்ளது. விண்ணப்பிப்பவர் அதை அழித்துவிட்டு ‘தருமபுரி’ என்று தட்டுகிறார். இப்போது பண்பைக் கேட்டால் ‘பெங்களூரு’ என்றே விடை வரும். உடைமையைக் கேட்டால் ‘தருமபுரி’ என்று வரும். பண்பு, பக்கம் எழுதப்பட்டபோது சொல்லப்பட்டது. உடைமை, இந்தக் கணத்தில் உள்ள நிலை. இணைப்பின் முகவரியும் இவ்வாறே. பண்பு எழுதப்பட்ட குறுமுகவரியை அப்படியே தரும். உடைமை அதை முழு முகவரியாக விரித்துத் தரும்.

பண்பின் மதிப்பு எப்போதும் எழுத்துச் சரமே என்பதும் நினைவில் நிற்க வேண்டும். ஒரு பொத்தானை இயங்காமல் நிறுத்தும் ‘டிஸேபிள்டு’ என்னும் பண்புக்கு ‘பொய்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே மதிப்பாக எழுதினாலும் பொத்தான் இயங்காது. அங்கே மதிப்புக்கு வேலையில்லை. பண்பு இருப்பதே போதும். பொத்தானை இயக்க வேண்டுமாயின் பண்பை அடியோடு நீக்க வேண்டும்.

தமிழ் எங்கே ஒளிந்திருந்தது?

இனி நம் மொழிக்கு வருவோம். 1990களில் வலையில் தமிழ் ஏறத் தொடங்கியபோது, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டன. அத்தகைய பக்கத்தில் ‘ஃபாண்ட்’ என்னும் உறுப்பும், அதில் ‘ஃபேஸ்’ என்னும் பண்பும் இருக்கும். அப்பண்பின் மதிப்பு எழுத்துருவின் பெயர். அந்த எழுத்துரு நம் கணிப்பொறியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லையேல் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தெரியும். சுருங்கச் சொன்னால், அக்காலத்துத் தமிழ் எழுத்துகளில் இல்லை. ஒரு பண்பில் ஒளிந்திருந்தது.

இந்தக் குறையைப் போக்கப் பலர் உழைத்தனர். 1999 ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி ‘டாப்’, ‘டாம்’ என்னும் எழுத்துக் குறியீட்டுத் தரங்கள் வந்தன. இந்த ‘டாம்’ வேறு, மேலே சொன்ன பொருள் மாதிரி வேறு. இணையத்தில் இயங்கிய தமிழ் ஆர்வலர் குழுவினர் ‘திஸ்கி’ என்னும் குறியீட்டை வகுத்தனர். முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது. யூனிகோடில் தமிழுக்கென 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டரசு 2010 ஆம் ஆண்டில் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்று எழுதப்படும் தமிழ் எந்தப் பண்பையும் சாராமல் தானே தமிழாக நிற்கிறது.

பழைய பக்கங்களைப் புதிய குறியீட்டுக்கு மாற்றுவோர் எழுத்துகளை மட்டும் பார்த்தால் போதாது. எந்தப் பகுதி தமிழ், எந்தப் பகுதி உண்மையிலேயே ஆங்கிலம் என்பதை ‘ஃபேஸ்’ பண்பே காட்டும். ஒவ்வோர் உறுப்பின் பண்புப் பட்டியலையும் வாசித்து, எழுத்துருவின் பெயர் கண்ட இடத்தில் மட்டும் எழுத்துகளை மாற்றி, பின்னர் அப்பண்பை நீக்குவதே செம்மையான வழி. பண்பை முதலில் நீக்கிவிட்டால் மொழியைக் காட்டும் ஒரே சான்றும் அழிந்துவிடும்.

எழுத்து தமிழ், அறிவிப்பு ஆங்கிலம்

எழுத்துத் தொல்லை தீர்ந்தது. எனினும் மற்றொன்று எஞ்சியிருக்கிறது. 1997 ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த எச்.டி.எம்.எல். நான்காம் பதிப்பு, ‘ஃபாண்ட்’ உறுப்பைக் கைவிட வேண்டியவற்றின் வரிசையில் சேர்த்தது. அதே பதிப்பில் ‘லாங்’ பண்பு ஏறத்தாழ எல்லா உறுப்புகளுக்கும் உரியதாயிற்று. வடிவத்தைச் சொல்லும் பண்பு கீழிறங்க, மொழியைச் சொல்லும் பண்பு மேலேறியது. ஆனால் முன்னதை விடாப்பிடியாகப் பயன்படுத்திய நாம், பின்னதை இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் பக்க வார்ப்புகள் பலவற்றில் முதல் உறுப்பிலேயே ‘இஎன்’ என்று எழுதியிருக்கும். அதை மாற்றாமல் தமிழில் கட்டுரை ஏற்றுகிறோம். எழுத்தெல்லாம் தமிழ், பக்கமோ தன்னை ஆங்கிலம் என்று உலாவியிடம் சொல்லிக்கொள்கிறது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் பக்கங்களைக் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006 ஆம் ஆண்டில் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் வாசிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது. ‘ஈஸ்பீக்’ என்னும் ஒலியாக்க மென்பொருளில் தமிழும் உண்டு, கன்னடமும் உண்டு. இதே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணன் அவர்களின் ஆய்வுக்கூடத்திலும் இவ்விரு மொழிகளுக்கும் எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள்கள் உருவாக்கப்பட்டுள்ளன. குரல்கள் ஆயத்தமாக இருக்கின்றன. எந்த இடத்தில் எந்தக் குரலை அழைப்பது என்பதை வாசிப்பானுக்குச் சொல்ல வேண்டியது ‘லாங்’ பண்பு. அது தவறாக இருந்தால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளின் முன் நின்று சில வேளை மௌனம் சாதிக்கும். சில வேளை உருத்தெரியாத ஒலிகளை எழுப்பும்.

பெங்களூரில் வாழும் நமக்கு இது அன்றாடச் செய்தி. இந்நகரத்து அறிவிப்புகளில் கன்னடமும் ஆங்கிலமும் அருகருகே நிற்கும். தமிழர் கூடும் இடங்களில் தமிழும் சேரும். எனக்குத் தெரிந்த பார்வையற்ற மாணவர் ஒருவர், கட்டணம் செலுத்தும் கடைசி நாளை அறிய ஒரு மும்மொழி அறிவிப்புப் பக்கத்தைத் திறந்தார். ஆங்கிலத்தில் இருந்தது தலைப்பு மட்டுமே. நாளும் விவரமும் கன்னடத்திலும் தமிழிலும் இருந்தன. “அண்ணா, எழுத்து தமிழ்தானே? பிறகு ஏன் இது வெள்ளைக்காரரைப் போல விழிக்கிறது?” என்று அவர் என்னைக் கேட்டார். பக்கத்தின் பண்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முதல் உறுப்பில் ‘இஎன்’ இருந்தது. அதன் கீழ் எந்தப் பத்தியிலும் ‘லாங்’ பண்பே இல்லை. இரு மொழிகள் தெரிந்த அவர், தமக்காகவும் எழுதப்பட்ட அந்த நாளைப் பிறர் வாயால்தான் அறிய வேண்டியதாயிற்று. நகரத்தில் புதிதாக வந்து சேர்ந்தவருக்கு எல்லாவற்றையும் பிறரைக் கேட்டே அறியும் நிலை எவ்வளவு கடினம் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சோதிக்கும் முறை

இத்தகைய பக்கத்தைச் சோதிக்க நீண்ட நிரல் வேண்டியதில்லை. எந்த உலாவியிலும் உள்ள ஆக்குநர் கருவியைத் திறந்து பின்வருமாறு செய்யலாம். முதலில், நேரடியாக எழுத்தைக் கொண்டுள்ள உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அடுத்து, அவ்வெழுத்துகளின் குறியீட்டு எண் 2944க்கும் 3071க்கும் இடையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் தமிழ். 3200க்கும் 3327க்கும் இடையில் இருந்தால் கன்னடம். மூன்றாவதாக, அவ்வுறுப்பின் மொழிப் பண்பைக் கேட்க வேண்டும்.

இம்மூன்றாம் படியில் ஒரு நுட்பம் உண்டு. மொழி என்பது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். வெளி உறுப்பில் தமிழ் என்று எழுதியிருந்தால் உள்ளிருக்கும் பத்திகளும் தமிழே. ஆனால் வருவது பொருள் மட்டுமே. பண்புப் பொருள் கீழே இறங்கி வருவதில்லை. ஆதலால் பத்தியிடம் நேரே கேட்டால் ‘இல்லை’ என்றுதான் விடை வரும். அவ்விடையை நம்பிப் பிழையென்று முடிவு கட்டிவிடலாகாது. ‘குளோசஸ்ட்’ என்னும் செயலால், ‘லாங்’ பண்புடைய மிக அருகிலுள்ள மூதாதையை மரத்தில் மேல் நோக்கித் தேட வேண்டும். அங்கே கிடைக்கும் பண்பின் மதிப்பே பத்தியின் மொழி. அது எழுத்தின் மொழியோடு ஒத்தால் நன்று. ஒவ்வாவிடில் அவ்விடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

திருத்துவதும் எளிதே. ‘செட் அட்ரிபியூட்’ என்னும் செயலால் உரிய உறுப்பில் ‘டிஏ’ என்றோ ‘கேஎன்’ என்றோ எழுதினால் போதும். ஆனால் இது நம் உலாவியில், நம் திரையில் மட்டும் நிகழும் மாற்றம். பக்கத்தை மீண்டும் திறந்தால் பழைய நிலையே தோன்றும். நிலையான திருத்தம் மூலக் கோப்பில் செய்யப்பட வேண்டும். சிறுநிரல் நோயைக் காட்டும். மருந்தைப் பக்கத்தை ஆள்பவர்தாம் இட வேண்டும். மேலும், எழுத்தைக் கண்டு மொழியை ஊகிப்பது எல்லாவிடத்தும் செல்லாது. தமிழெழுத்தில் சௌராட்டிர மொழியையும் எழுதுகிறார்கள். எழுத்து ஒன்று, மொழி வேறு. அதனால்தான் எழுதியவரே பண்பால் அறிவித்தல் வேண்டும் என்பது நெறியாயிற்று.

2008 ஆம் ஆண்டு டிசம்பரில் வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட அணுகல் வழிகாட்டியில், பக்கத்தின் மொழியை அறிவிப்பது அடிப்படை நிலைத் தேவைகளுள் ஒன்று. இடையில் மொழி மாறும் பகுதிகளை அறிவிப்பது அதற்கடுத்த நிலை. நம் நாட்டில் 2016 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தகவல் தொடர்பு வசதிகள் எல்லார்க்கும் எட்ட வேண்டும் என்கிறது. சட்டத்துக்காகச் செய்வதைக் காட்டிலும், ஈரெழுத்தை எழுதினால் ஒருவர் தம் தாய்மொழியைக் காதால் கேட்கிறார் என்பதற்காகச் செய்வது நம்மவர்க்கு அழகாகும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

தமிழ்ச் சங்கங்கள் விழா எடுக்கின்றன, மலர் வெளியிடுகின்றன, அவற்றை வலையிலும் ஏற்றுகின்றன. ஏற்றும் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் உறுப்பின் மொழிப் பண்பைப் பார்ப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்க் கட்டுரைக்குள் கன்னடப் பகுதி வந்தால் அதற்கு உரிய பண்பை அதற்கு இட வேண்டும். நாம் வாழும் மண்ணின் மொழி சிதைந்து ஒலிக்க நம் பக்கம் காரணமாகலாகாது. அறிவியல் மாணவர்கள் மேலே சொன்ன சோதனை நிரலை ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம். கலைத்துறை மாணவர்கள் எந்தப் பகுதி எம்மொழி என்று சரிபார்த்துத் தரலாம். இரு சாராரும் கூடிச் செய்யத்தக்க பணி இது.

‘தமிழ்’ என்று திரையில் எழுதினால் கண்ணுள்ளவர் அறிவர். ‘டிஏ’ என்று பண்பில் எழுதினால் கணிப்பொறியும் அறியும். அதன் வாயிலாகக் கண்ணற்றவரும் அறிவர். சிறியதென்று நாம் விட்டுவிடும் அந்தப் பண்பும் ஒரு பொருளே.